உழுத கை உலையேற்றினால்...!

ஜூன் திங்களில் பள்ளி திறந்தவுடன் ஆசிரியர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கும். மாணவர் விவரப் படிவத்தை நிரப்பும் வேலை. பெயர் என்ன, பிறந்த நாள் என்ன, ஊர் எது, தந்தையின் தொழில் யாது என்று ஒவ்வொருவராக அழைத்துக் கேட்போம். பாடம் நடத்துவதைவிட எளிய வேலை இது என்றுதான் எண்ணியிருந்தோம். சென்ற முறை அந்த எண்ணம் பொய்த்தது.

திருவண்ணாமலையை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மாணவன் அவன். "தந்தை என்ன செய்கிறார்?" என்று கேட்டோம். விழித்தான். "ஐயா, எதை எழுதுவது? மழை பெய்தால் நெல்லும் மல்லாட்டையும் பயிரிடுவார். முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணச் சமையலுக்குப் போவார். இரண்டும் செய்கிறாரே!" என்றான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பிற்று: "கரண்டி!" வகுப்பு சிரித்தது. அவன் தலை கவிழ்ந்தது. நாம் என்ன செய்தோம்? சிரித்தவர்களைக் கடிந்தோமா? இல்லை. "சரி, விவசாயம் என்றே எழுது" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை அழைத்தோம்.

மேடையேறிச் சமத்துவம் முழங்குகிறோம். மாலை வேளையில் படிப்பகத்தில் அமர்ந்து பகுத்தறிவு பேசுகிறோம். காலை வேளையில், ஒரு மனிதனுடைய உழைப்பில் பாதியை ஒரே சொல்லால் அழித்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் அடுத்த பெயரை அழைக்கிறோம்! நாமா சீர்திருத்தக்காரர்? அன்று இரவு உறக்கம் வரவில்லை. ஏன் அந்தப் பையன் தலை குனிந்தான்? ஏன் நமது நாக்கு 'சமையல்' என்ற சொல்லை விழுங்கிற்று? உழவு எழுதத் தக்க தொழில், சமையல் மறைக்கத் தக்க தொழில் என்று நமக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடித்தான் இதை எழுதுகிறோம், தோழர்களே!

உழவனும் சமையற்காரனும் ஒரே சொல்லை ஆளுகிறார்கள். பதம் என்பது அச்சொல். மண் பதமாக இருக்கிறதா என்று பார்த்து ஏர் பூட்டுகிறான் உழவன். சோறு பதமாக வெந்திருக்கிறதா என்று பார்த்து வடிக்கிறான் சமையற்காரன். பதம் தவறினால் கட்டி தட்டும் நிலம். பதம் தவறினால் குழையும் சோறு. நாற்று விட்ட நாளிலிருந்து களத்தில் நெல் தூற்றும் நாள் வரை ஒருவனுடைய அறிவு. அரிசி களையும் நொடியிலிருந்து இலையில் பரிமாறும் நொடி வரை மற்றவனுடைய அறிவு. வயலில் தொடங்கி வாயில் முடியும் ஒரே பாதையின் இரு பகுதிகள் இவை. இரண்டையும் ஒரு கையே செய்யுமானால், அந்தக் கையைப் பற்றிக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாமா?

நமது நாடு அவ்விதம் செய்யவில்லை. அந்த ஒரு கையை இரண்டாக வெட்டிற்று. உழுகின்ற கைக்கு இழிவு என்று பெயர் சூட்டிற்று. சமைக்கின்ற கைக்குத் தூய்மை என்று பெயர் சூட்டி, அந்தத் தூய்மையைப் பிறப்போடு முடிச்சுப் போட்டது. உழாமலும் சமைக்காமலும் உண்கின்ற வாய்க்கு மட்டும் உயர்வு என்று பெயர் சூட்டிற்று!

மிகைப்படுத்திச் சொல்கிறோம் என்பீர்களோ? மனுதரும நூலின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். உழவை நல்ல தொழில் என்று சிலர் கருதுகிறார்களாம். ஆனால் பெரியோர் அதை இகழ்வார்களாம். ஏன் தெரியுமா? இரும்பு முனை வைத்த கலப்பை பூமியைக் குத்துகிறதாம், பூமிக்குள் இருக்கும் உயிர்களையும் குத்துகிறதாம்! என்ன கருணை! என்ன கருணை! மண்புழுவுக்காகக் கசிந்த அந்த உள்ளம், உழுகின்ற மனிதனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் சிந்தியதுண்டா? கலப்பையை வெறுத்தவர்கள் அது விளைவித்த சோற்றை வெறுத்தார்களா? உழவுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கித் தந்தவர் நம் வள்ளுவர். இரு நூல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எது நம் வீட்டு நூல், எது நம்மீது சுமத்தப்பட்ட நூல் என்பது விளங்கும்.

சமையலின் கதையும் இத்தகையதே. பழந்தமிழில் மடையன் என்றால் சமைப்பவன் என்று ஒரு பொருள் உண்டு. கோயில் மடைப்பள்ளி அந்தப் பொருளை இன்னும் காத்து வருகிறது. தெருவில் யாரையேனும் அச்சொல்லால் அழைத்துப் பாருங்கள், சண்டை மூளும்! அறிவிலி என்ற பொருளில் வழங்கும் சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றோ வேறோ, அதைப் புலவர்கள் ஆயட்டும். சமைப்பவன் என்னும் பொருள் மறந்துபோய் வசை மட்டும் நாவில் நின்றுவிட்டதே, அதுதான் நமக்குக் கவலை.

*

அந்த மாணவனின் தந்தை ஒருநாள் பள்ளிக்கு வந்தார். முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். உள்ளங்கையில் மண்வெட்டி காய்த்த தடிப்பு. இரு தொழிலின் சான்றிதழ்களும் அந்தக் கைகளிலேயே இருந்தன. மரத்தடியில் அமர்த்திப் பேசச் சொன்னோம். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து கோட்டை அடுப்பில் தீ மூட்டுவது, அண்டாவில் உலை வைப்பது, முந்நூறு பேருக்கு அரிசி எத்தனை, பருப்பு எத்தனை என்று சாமான் பட்டியல் போடுவது என எல்லாவற்றையும் சொன்னார். மழை பொய்த்த ஆண்டில் கரண்டி காப்பாற்றும், கல்யாணம் குறைந்த மாதத்தில் கலப்பை காப்பாற்றும் என்றார். பிறகு சற்றுத் தயங்கி இதையும் சொன்னார்:

"ஒரு வீட்டுக்கு அரிசி மூட்டையை என் தலைமேலதான் வச்சு உள்ளே கொண்டுபோய் இறக்கினேன், ஐயா. அப்ப யாரும் ஒண்ணும் கேக்கல. அந்த வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல் பேசப் போனப்பதான், 'நீ என்ன ஆளு?'ன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்புறம் சொல்லி அனுப்புறோம்னாங்க. இன்னும் சொல்லி அனுப்பல."

தோழர்களே, இந்தச் சில வரிகளில் அடங்கியிருக்கிறது இரண்டாயிரம் ஆண்டுக் கொடுமை! அவர் விளைத்த அரிசி அந்த வீட்டுக்குள் போகலாம். அவர் தலை சுமந்த மூட்டை அந்த வீட்டுக் கூடத்தில் இறங்கலாம். அந்த அரிசியை அவரே உலையில் இட்டால் மட்டும் தீட்டு! மூட்டையில் இருக்கும்வரை இல்லாத தீட்டு, பானைக்குள் போனவுடன் எங்கிருந்து வந்தது?

அறிவியலைக் கேட்போம். அரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. நீரில் இட்டுச் சூடேற்றினால் ஏறத்தாழ எழுபது பாகை செல்சியசில் அந்த மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்து இளகுகிறது. அதைத்தான் வேகிறது என்கிறோம். நூறு பாகையில் உலை கொதிக்கிறது. அந்தக் கொதியில் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை மாண்டுபோகின்றன. கிருமியையே கொல்லும் கொதிநீரில் சாதி மட்டும் சாகாமல் நீந்திக்கொண்டிருக்கிறதா? எந்த ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள் அதை? பானையில் இல்லை, தோழர்களே. பார்ப்பவன் மூளையில் இருக்கிறது அந்தக் கிருமி!

*

இந்தக் கிருமியோடு நம் முன்னோர் போரிட்ட வரலாறு இளைஞர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம், பொதுப்பணம் பெற்று நடந்தது. அங்கே பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி போட்டார்கள். 1924, 1925 ஆண்டுகளில் அதை எதிர்த்துப் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எழுப்பிய குரல் தமிழகத்தின் அரசியலையே திருப்பிற்று. இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணாளுக்கு ஒரு பகுதி, இதராளுக்கு ஒரு பகுதி என்று தடுத்து வைத்திருந்தார்கள். 1941-ல் அது ஒழிந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957-ல் பெரியார் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தோழர்கள் சென்றார்கள், நாள்தோறும் சிறை புகுந்தார்கள். கடைசியில் பலகை பணிந்தது.

ஒரு பலகைக்காகவா இத்தனை பேர் சிறை புகுந்தார்கள் என்று சிலர் எள்ளினார்கள். பலகைக்காக அல்ல. இன்னார் சமைத்தால்தான் தூய்மை என்று பலகை சொல்லும்போது, மற்றவர் சமைத்தால் அழுக்கு என்று சொல்லாமல் சொல்கிறது. அந்தச் சொல்லாத சொல்லைத்தான் அவர்கள் கழற்றி எறிந்தார்கள்.

*

இனி ஒரு முதியவரின் கதையைச் சொல்கிறோம். கேட்டால் நெஞ்சு நிமிரும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்று ஒரு சிற்றூர். அங்கே பெரியதம்பி என்னும் பெரியவர். உழவுக் குடும்பம். விருந்துகளுக்குச் சமைத்துப் பழகிய கை. அந்தப் பகுதியில் வயல் ஆண்டு முழுவதும் வேலை தருவதில்லை. ஆறு மாதம் உழைப்பு, ஆறு மாதம் வானத்தைப் பார்த்து இருப்பு. இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? திருப்பூருக்குப் போவார்கள், சென்னைக்குப் போவார்கள், கடன் வாங்கிக்கொண்டு கடல் கடப்பார்கள். பெரியதம்பியின் பேரப்பிள்ளைகள் வேறு விதமாக எண்ணினார்கள். சுப்பிரமணியன், முருகேசன், அய்யனார், தமிழ்ச்செல்வன், முத்துமாணிக்கம் என்று ஐவர். தாத்தாவின் கைத்திறனையே முதலாக வைத்தார்கள். 2018-ல் யூடியூபில் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' பிறந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள்? மாளிகை கட்டினார்களா? கண்ணாடிச் சமையலறை அமைத்தார்களா? இல்லை. வயல்வெளியில் கல்லைக் கூட்டினார்கள், விறகை மூட்டினார்கள். அம்மியில் மசாலை அரைத்தார்கள். பாத்திரத்தில் இடும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் உரக்கக் கூவினார்கள். மறைப்பு இல்லை, மந்திரம் இல்லை. சமைத்ததை ஊராருக்கும் முதியோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் இலை போட்டுப் பரிமாறினார்கள்.

மறைப்பு இல்லை என்றோமே, அதைக் கவனியுங்கள். பழைய சமையற்கட்டின் ஆற்றலே கதவில்தான் இருந்தது. யார் உள்ளே வரலாம், யார் வாசலில் நிற்கலாம், யார் பார்வை பட்டால் பானை கெடும் என்று சட்டம் பேசியது அந்தக் கதவு. பெரியதம்பியின் சமையற்கட்டுக்குக் கதவே இல்லை! வானம் கூரை, வயல் தரை. உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தார்கள். 2021 சனவரியில் இராகுல் காந்தி வந்தார். அவர்கள் சமைத்த காளான் பிரியாணிக்குத் தம் கையாலேயே வெங்காயத் தயிர்ப்பச்சடி கலந்தார். அவர்களோடு தரையில் அமர்ந்து உண்டார். அதே ஆண்டு சூலையில் அந்தச் சேனலைப் பின்தொடர்வோர் ஒரு கோடியைத் தொட்டனர். தமிழில் நடக்கும் சேனல் ஒன்று அந்த எல்லையைத் தொட்டது அதுவே முதன்முறை. கொரோனாக் கொடுமை நாட்டை வாட்டிய அந்த நேரத்தில், முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் பத்து இலட்சம் ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2022-ல் வெளிவந்த 'விக்ரம்' படத்தில் அவர்களே தோன்றினார்கள்.

வேட்டி கட்டிய முதியவர். கல்லூரியில் சமையற்கலைப் பட்டம் பெற்றவர் அல்லர். பிறப்பால் வந்த எந்த உரிமைச் சீட்டையும் அவர் காட்டவில்லை. கோடிப்பேர் அவரைத் 'தாத்தா' என்று அழைத்தார்கள். ஏர் பிடித்த கை கரண்டி பிடித்தால் உலகம் நாவில் நீர் ஊற நோக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடல் கடந்த நாட்டின் கதை ஒன்றும் உண்டு. பிரான்சின் பாரிசில் அலென் பஸ்ஸார் என்னும் சமையற்கலைஞர் 1986-ல் 'லார்பேஜ்' என்ற உணவகத்தைத் திறந்தார். உணவகங்களுக்குத் தரம் கூறும் மிஷலின் ஏட்டின் உயர்ந்த மதிப்பான மூன்று விண்மீன்களை 1996-ல் பெற்றார். 2001-ல் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்றவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுக் காய்கறியில் கருத்தைச் செலுத்தினார். அடுத்த ஆண்டு சொந்தத் தோட்டமே போட்டார். அங்கே பறித்த காய் பாரிசின் அடுப்புக்கு வருகிறது. உலகம் என்ன சொல்லிற்று? மண்ணைத் தொட்டதால் இவர் கை தாழ்ந்தது என்றதா? மண்ணைத் தொட்டதால் இவர் கலை உயர்ந்தது என்றது! அங்கே சமையற்காரன் உழவனானால் பெருமை. இங்கே உழவன் சமையற்காரனானால், "நீ என்ன ஆளு?"

*

இப்போது சிலர் இடைமறிப்பார்கள். "தம்பி, நீ பழங்கதை பேசுகிறாய். இன்று யார் சாதி பார்த்து உண்கிறார்கள்? உணவகத்தில் நுழைபவன் உள்ளே சமைப்பவன் யார் என்று கேட்கிறானா? பெரியதம்பியைப் பார்த்துக் கோடிப்பேர் கைதட்டவில்லையா?" என்பார்கள்.

கைதட்டினார்கள், உண்மை. கைபேசித் திரையில் தெரியும் சோறு கையில் ஒட்டாது. ஒட்டாத சோற்றுக்கு யார் வேண்டுமானாலும் கைதட்டலாம்! தம் வீட்டுப் பிள்ளையின் தட்டில் விழும் சோற்றின்போது என்ன நடந்தது என்று கேளுங்கள்.

2018 சூலை. திருப்பூர் மாவட்டம் அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையம். அரசுப் பள்ளியின் சத்துணவுக்கூடத்திற்கு ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் ஒருவர் சமையலராக வந்தார். அவர் சமைக்கக்கூடாது என்று ஊரில் ஆதிக்கச் சாதியினர் சிலர் மறித்தனர். முதலில் என்ன ஆணை பிறந்தது தெரியுமா? மறித்தவரைத் தடுக்கும் ஆணை அல்ல, அந்தப் பெண்ணையே இடம் மாற்றும் ஆணை! கண்டனம் எழுந்த பிறகுதான் அது திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. 2023 செப்டம்பர். தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டி. காலை உணவுத் திட்டத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் சமைத்ததைச் சில குழந்தைகள் உண்ணவில்லை. நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் நேரில் சென்று குழந்தைகளோடு அமர்ந்து உண்ட பிறகே நிலைமை சீராயிற்று. குழந்தைக்குத் தெரியுமா சாதி? வீட்டில் ஊட்டினார்கள். சோற்றுக்கு முன்னால் சாதியை ஊட்டினார்கள்!

எந்தச் சத்துணவுக்கூடம் இது? 1920-ல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் விதைத்தது, 1956-ல் காமராசர் வளர்த்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியது, 2022-ல் காலை உணவாகவும் கிளைத்தது. நூறாண்டு வளர்ந்த மரத்தின் வேரிலே சாதி வெந்நீரை ஊற்றுகிறவர்களை நாம் பார்த்துக்கொண்டிருப்பதா?

நமது மாவட்டத்தையும் மறைக்க வேண்டாம். 2023 சனவரியில்தான், நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாக நுழைய முடிந்தது. அதுவும் காவலர் புடைசூழ! தீண்டாமையை ஒழித்தோம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு முழங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வாசலைத் தாண்டவே இத்தனை ஆண்டு. மடைப்பள்ளியைத் தாண்ட எத்தனை ஆண்டு?

*

கார்த்திகைத் தீபத்தன்று நம் ஊரைப் பாருங்கள். பதினான்கு கிலோமீட்டர் மலைப்பாதை முழுவதும் மனிதத் தலைகள். வழிநெடுக அன்னதானம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, பொங்கல், கேசரி என்று தொன்னை தொன்னையாகப் போகிறது. கொடுத்தவர் பெயர் துணிப் பதாகையில் பளபளக்கிறது. பதாகையில் இல்லாத பெயர்கள் இரண்டு. அரிசியை விளைவித்தவன் பெயர் ஒன்று. விடிய விடிய அடுப்பில் வெந்தவன் பெயர் மற்றொன்று. தானம் செய்தவருக்குப் புண்ணியமாம்! உழைத்தவருக்கு? கூலி பாக்கி இல்லாமல் கிடைத்தால் அதுவே புண்ணியம்!

சவ்வாது மலையின் சாமை இன்று நகரத்து உணவகங்களில் பெருமையோடு பேசப்படுகிறது. சாமைச் சோறு, சாமைப் பொங்கல், சாமை உப்புமா என்று பட்டியல் நீளுகிறது. அதைத் தலைமுறை தலைமுறையாக விதைத்தும் சமைத்தும் காத்த மலைவாழ் பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி உண்டா?

ஆம், பெண்! இதையும் சொல்லாமல் விட்டால் நமது எழுத்து அரைகுறையாகும். உழவும் சமையலும் சேர்த்துச் செய்யும் ஆணைப் பார்த்து வியக்கிறோம். பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு, பொழுது சாய்ந்தபின் ஈரச் சேலையோடு அடுப்பை மூட்டும் பெண் எத்தனை பேர்! அவர்களுக்கு எந்தப் பட்டம்? ஊர்ச்சோறு சமைத்தால் ஆண் 'மாஸ்டர்'. வீட்டுச்சோறு சமைத்தால் பெண் 'சும்மா இருக்கிறாள்'! நாம் கொண்டாடும் சின்ன வீரமங்கலத்துப் படத்திலும் கரண்டி பிடிக்கும் கைகள் ஆண்களின் கைகளே. பாராட்டும்போதே குறையையும் சொல்வதுதான் பகுத்தறிவு. நமது மாணவனின் படிவத்தில் தாயின் தொழிலுக்கும் ஓர் இடம் இருந்தது. அங்கே அவன் எழுதியிருந்தது: "ஒன்றுமில்லை." தந்தையின் தொழிலில் பாதியை நாம் அழித்தோம். தாயின் தொழிலை முழுவதுமே சமுதாயம் அழித்துவிட்டது!

*

ஆகவே இளைஞர்களே, கைதட்டல் போதாது. செய்வதற்கு வேலை இருக்கிறது.

உங்கள் வீட்டுத் திருமணத்தில் சமையற்காரரின் சாதியைக் கேட்பவர் உங்கள் தந்தையாகவே இருப்பினும், அந்தக் கேள்வியை அங்கேயே மடக்குங்கள். சமையல் எப்படி என்று கேட்கட்டும். சமைப்பவன் எவன் என்று கேட்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பள்ளியில் சமைக்கும் அம்மையாரை யாரேனும் இழிவுபடுத்தினால், அன்று மதியம் நீங்கள் பத்துப்பேர் போய், தலைமையாசிரியரின் இசைவு பெற்று, அவர் சமைத்ததைக் குழந்தைகளோடு உட்கார்ந்து உண்ணுங்கள். தேவையானால் சட்டத்தின் கதவையும் தட்டுங்கள். சமையல் தொழிலாளர்க்கு அரசு நலவாரியம் அமைத்திருக்கிறது. அதில் பதியாதவர் யார் என்று தெருத்தெருவாகக் கேட்டுப் பதிவு செய்ய வையுங்கள். தழும்பேறிய கைக்கு மேடைப்பேச்சைவிட அந்த அட்டை உதவும்.

கோயில் நகரத்தில் வாழும் நமக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 1970-ல் சட்டம் வந்தது. 2006-ல் வந்த ஆணையின்படி அமைந்த பயிற்சிப் பள்ளிகளுள் ஒன்று நம் திருவண்ணாமலையிலேயே அமைந்தது. 2021 ஆகஸ்டில் பயின்றவர்கள் சிலர் பணியமர்த்தவும் பட்டனர். சாமிக்கு நாம் சோறு படைக்கப் போவதில்லை. அதன்மேல் நம்பிக்கை உள்ள உழவனின் மகன் கேட்கிறான்: "என் வயல் நெல் உள்ளே போகிறது, என் கை ஏன் போகக்கூடாது?" நம்பாத நாம் அவன் பக்கம் நிற்போம். ஏனெனில் கேள்வி சாமியைப் பற்றியது அன்று, மனிதனைப் பற்றியது.

படிவத்தின் கதையை முடித்துவிடுகிறோம். மறுவாரம் அந்த மாணவனை வகுப்பின் முன்னால் அழைத்தோம். "அன்று நாம் தவறு செய்தோம். உன் தந்தையின் தொழிலை நாமே பாதியாக வெட்டினோம்" என்று எல்லோர் முன்னும் சொன்னோம். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதை அந்த வகுப்பு அன்றுதான் கண்டிருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. படிவத்தில் இருந்தது ஒரே ஒரு வரிக்கு இடம். 'விவசாயம்' என்ற சொல்லை அடித்துவிட்டு, குட்டி எழுத்தில் நெருக்கி நெருக்கி எழுதினான்: "உழவும் சமையலும்." பிறகு பேனாவைக் கொடுக்காமல் சற்று நின்றான். தாயின் தொழில் என்ற இடத்துக்குப் போனான். 'ஒன்றுமில்லை' என்பதை அடித்தான். அங்கேயும் அதையே எழுதினான்: "உழவும் சமையலும்."

பின்வரிசையில் 'கரண்டி' என்று கூவிய பையனின் தந்தையும் உழவரே. அவனும் அன்று தன் படிவத்தைத் திரும்பக் கேட்டான்.